எழுதுதலும் வாழ்தலும்: ஒரு வழிகாட்டி நூலின் சமூக அடிப்படை

இலக்கிய விமர்சனம் பொதுவாகக் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் ஆகியவற்றையே தனது ஆய்வுப் பொருளாகக் கொள்கின்றது. அவற்றை எவ்வாறு எழுதுவது என்று கற்பிக்கும் கைந்நூல்கள் விமர்சகரின் கவனத்தைப் பெறுவது அரிது. அவை வணிக நோக்குடையன, ஆழமற்றன என்ற எண்ணம் இதற்கு ஒரு காரணமாகலாம். ஆயின் எழுத்தாளன் என்பவன் யார், எழுத்து எத்தகைய செயல், எழுத்துக்கும் வாழ்க்கைக்கும் இடையிலான தொடர்பு யாது என்னும் வினாக்களுக்கு ஒரு சமூகம் கொண்டுள்ள விடைகளை அறிய விரும்புவோருக்கு, அச்சமூகத்தின் சிறந்த நாவல்களிலும் பார்க்க இத்தகைய கைந்நூல்களே தெளிவான சான்றாதாரங்களாக அமைகின்றன. நாவல் தனது கருத்துநிலையைக் கதையினுள் மறைத்து வைக்கின்றது. கைந்நூலோ அதனை அறிவுரையாக நேரே எடுத்துரைக்கின்றது.

இவ்வகையில் நாம் இங்கு ஆராய எடுத்துக்கொள்வது, ஐக்கிய அமெரிக்க எழுத்தாளரான ஆன் லமொற் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட 'பேர்ட் பை பேர்ட்' என்னும் நூலாகும். 'ஒவ்வொரு பறவையாக' என்பது தலைப்பின் பொருள். எழுத்தும் வாழ்வும் பற்றிய சில அறிவுறுத்தல்கள் என்று அதன் துணைத்தலைப்புக் கூறுகின்றது. கடந்த மூன்று தசாப்தங்களில் ஆங்கில மொழி உலகில் எழுதப் பழகுவோரிடையே மிகப் பரவலாக வாசிக்கப்பட்ட வழிகாட்டிகளுள் இதுவும் ஒன்று.

இத்தகைய நூலொன்றை மார்க்சிய நோக்கில் அணுகும்போது இரு எளிய வழிகள் உள்ளன. தனிமனிதவாதத்தின் வெளிப்பாடு என்று ஒரே வசனத்தில் இதனைத் தள்ளிவிடுதல் ஒன்று. நடைமுறைப் பயன் கருதி, கருத்துநிலை பற்றிக் கேள்வி எழுப்பாது ஏற்றுக்கொள்ளல் மற்றையது. இவ்விரண்டுமே நூலை உண்மையில் வாசிக்காதிருப்பதற்கான வழிகள் என்பது எமது கருத்து. இந்நூல் எழுத்தினை உழைப்பாகக் காண்கின்றது என்பதும், அவ்வுழைப்பு நிகழும் சமூக உறவுகளை அது உளவியற் பிரச்சினைகளாக மாற்றி விடுகின்றது என்பதும் ஒருங்கே நோக்கப்பட வேண்டியவை. அதேவேளை, இந்நூல் எழுப்பும் ஒரு வினாவுக்கு மார்க்சிய விமர்சனம் இன்னமும் போதிய விடை கூறவில்லை என்பதும் ஏற்றுக்கொள்ளப்பட வேண்டும்.

1

லமொற்றின் நூல் திடீரெனத் தோன்றிய ஒன்றன்று. அதற்கு இரு முன்னோடி மரபுகள் உள்ளன. ஒன்று சுயமுன்னேற்ற நூல்களின் மரபு. மற்றையது ஆக்க எழுத்துக் கல்வியின் மரபு.

சுயமுன்னேற்ற நூல்களின் வரலாற்றில் சாமுவேல் ஸ்மைல்ஸ் 1859இல் வெளியிட்ட 'சுய உதவி' ஒரு மைல்கல்லாகும். இந்நூலின் தோற்றம் மனங்கொள்ளத்தக்கது. 1840களின் நடுப்பகுதியில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், தொழிலாள வர்க்க இளைஞர்கள் தாமாகவே கூடி ஒருவருக்கொருவர் கற்பித்துக் கொள்வதற்காக அமைத்த பரஸ்பர முன்னேற்றச் சங்கமொன்றில் ஸ்மைல்ஸ் ஆற்றிய உரைகளே பின்னர் நூலாக விரிந்தன. கூட்டு முயற்சியிலிருந்து பிறந்த நூல், தனிமனிதனின் விடாமுயற்சியே அவனது விதியைத் தீர்மானிக்கின்றது என்னும் போதனையாக உருமாறியது. 'பரஸ்பரம்' என்ற சொல் நின்ற இடத்தில் 'சுயம்' என்ற சொல் வந்தமர்ந்தது. சமூக இருப்பே மனிதரின் உணர்வைத் தீர்மானிக்கின்றது என்ற கருத்தை முன்வைத்த மார்க்ஸின் அரசியற் பொருளாதார விமர்சன நூலின் முன்னுரையும் அதே 1859இல் வெளிவந்ததாகும். மனித வாழ்வினை விளக்குவதற்கான இரு எதிரெதிர் வழிகள் ஒரே ஆண்டில் அச்சேறின.

ஆக்க எழுத்துக் கல்வியின் மரபு பிற்பட்டது. டொரதியா பிரான்டின் 'எழுத்தாளராதல்' 1934இல் வெளிவந்தது. அயோவாப் பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பட்டறை 1936இல் நிறுவப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பங்குபற்றித் திரும்பிய படையினரின் கல்விச் செலவை அரசு பொறுப்பேற்ற 1944ஆம் ஆண்டுச் சட்டம் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை விரிவுபடுத்தியது. அவ்விரிவாக்கத்தினூடே ஆக்க எழுத்தும் ஒரு கற்கைநெறியாக வேரூன்றியது. பட்டறைகளில் இடம்பெற்றோருக்கு அப்பால், எழுத விரும்பும் படித்த மத்தியதர வர்க்கம் ஒன்றும் உருவாகியது. நற்றலி கோல்ட்பேர்க்கின் நூல் (1986), ஜூலியா கமரனின் நூல் (1992) ஆகியன இவர்களை நோக்கி எழுந்தவை. இந்நூல்களில் எழுதுதல் ஒரு தொழில் என்பதிலும் பார்க்க, மனத்தைச் செம்மைப்படுத்தும் ஒரு பயிற்சி என்ற தன்மையைப் பெறுகின்றது. ஸ்மைல்ஸின் மரபும் அயோவாவின் மரபும் சந்திக்கும் இவ்விடத்திலேயே லமொற்றின் நூலும் நிற்கின்றது. எழுத்தும் வாழ்வும் என்ற இணைப்பு அவரது தனிப்பட்ட கண்டுபிடிப்பன்று. ஒரு வரலாற்றுக் கட்டத்தின் விளைவு.

2

நூலின் தலைப்பு ஒரு குடும்ப நிகழ்ச்சியிலிருந்து பெறப்பட்டது. லமொற்றின் தமையன் பத்து வயதுச் சிறுவனாக இருந்தபோது பறவைகளைப் பற்றிய பாடசாலை அறிக்கையொன்றை எழுத வேண்டியிருந்தது. மூன்று மாத அவகாசம் தரப்பட்டிருந்தும் இறுதி நாள்வரை எதுவும் எழுதப்படவில்லை. வேலையின் பருமனைக் கண்டு மலைத்துக் கண்ணீருடன் அமர்ந்திருந்த மகனிடம், பறவைகளை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்ளும்படி தந்தை கூறினார். பெரியதொரு வேலையைச் சிறு கூறுகளாக்கிச் செய்தல் என்னும் இவ்வறிவுரையே நூலின் அடிநாதம்.

இதனின்றும் பல நடைமுறை உபாயங்கள் பிறக்கின்றன. மேசைமீது வைத்திருக்கும் ஓரங்குலப் படச்சட்டகத்தினூடாகக் காணக்கூடிய அளவினை மட்டும் ஒரு வேளையில் எழுதுதல்; குறிப்புகளுக்காகச் சிறு அட்டைகளை எப்போதும் உடன் வைத்திருத்தல்; நாளாந்தம் ஒரே நேரத்தில் எழுத அமர்தல்; வரைவுகளை நம்பகமான ஒருவரிடம் வாசிக்கக் கொடுத்தல் என்பன அவற்றுட் சில. நூலில் மிகவும் புகழ்பெற்ற அத்தியாயம் முதல் வரைவு பற்றியது. அச்சில் இடத் தயங்கும் ஒரு வசைச்சொல்லை முதல் வரைவுக்கு அடைமொழியாக்கி, எல்லா நல்ல எழுத்தும் மிக மோசமான முதல் வரைவிலிருந்தே தொடங்குகின்றது என அவர் நிறுவ முற்படுகின்றார். முதல் வரைவு தாளில் இறக்கி வைப்பதற்கு, இரண்டாவது சீர்படுத்துவதற்கு, மூன்றாவது பல் வைத்தியர்போல ஒவ்வொரு பல்லாகச் சோதிப்பதற்கு என்பது அவர் எடுத்துக்கூறும் பகுப்பு.

இப்போதனையின் முற்போக்கான உள்ளடக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. உன்னத எழுத்தாளன் அருள்பெற்றவன், அவனிடமிருந்து சொற்கள் முழுமை பெற்றே வெளிப்படுகின்றன என்ற கருத்து முதலாளித்துவப் பண்பாட்டின் நிலைபேறான மாயைகளுள் ஒன்று. இம்மாயை உழைப்பின் சுவடுகளை முடிந்த பண்டத்திலிருந்து அழித்து விடுகின்றது. அச்சிட்ட நூலை மட்டும் காணும் வாசகன், அதற்குப் பின்னால் கிழித்தெறியப்பட்ட தாள்களைக் காண்பதில்லை. எழுத முற்படும் தொழிலாளியோ, கிராமத்து ஆசிரியனோ, வீட்டுப் பெண்ணோ தமது முதல் வரைவை இன்னொருவரின் முடிந்த நூலோடு ஒப்பிட்டு, எழுத்து தமக்கு விதிக்கப்படவில்லை என்ற முடிவுக்கு வருவது இதனாலேயே. லமொற் அந்தத் தாள்களைக் காட்டுகின்றார். எழுத்து என்பது பழகக்கூடிய, பகுக்கக்கூடிய, திருத்தக்கூடிய உழைப்பு என்கின்றார். இதனளவில் அவரது நூல் ஒரு மாயை நீக்கமாகும்.

முதல் வரைவு பற்றிய பாடத்துக்கு அவர் தரும் உதாரணமும் கருதத்தக்கது. அது அவரது நாவல்களிலிருந்து எடுக்கப்பட்டதன்று. பின்னர் நின்றுபோன 'கலிபோர்ணியா' என்னும் சஞ்சிகைக்கு உணவகங்களைப் பற்றி அவர் எழுதிய மதிப்புரைகளே உதாரணமாகின்றன. குறித்த தவணைக்குள், குறித்த நீளத்துக்கு, ஊதியத்துக்காகச் செய்த வேலை அது. எழுத்து உழைப்பு என்னும் உண்மையை அவருக்குக் கற்பித்தது கூலிக்கு எழுதும் நிலைமையே என்பதை நூல் தன்னையறியாமலே ஒப்புக்கொள்கின்றது.

3

ஆயின் உழைப்பு வெற்றிடத்தில் நிகழ்வதில்லை. மிகை மதிப்புப் பற்றிய தமது குறிப்புகளில் மார்க்ஸ், மில்ரனையும் லைப்சிக் நகரத்துப் பதிப்பாளரின் கட்டளைப்படி நூல் உற்பத்தி செய்யும் எழுத்துத் தொழிலாளியையும் ஒப்பிடுகின்றார். பட்டுப்பூச்சி பட்டு நூற்பதுபோல மில்ரன் தமது காவியத்தை இயற்றினார். பின்னரே அதனை ஐந்து பவுணுக்கு விற்றார். லைப்சிக் தொழிலாளியின் எழுத்தோ தொடக்கத்திலிருந்தே மூலதனத்தின் பெருக்கத்துக்கு உட்பட்டது. இருவரும் மேசையில் அமர்ந்து எழுதுகின்றனர். அவர்களது உடல் செய்யும் வேலை ஒன்றே. வேறுபடுவது அவ்வேலை நிகழும் உறவு. எழுத்தினை உழைப்பு என்று கூறுவதோடு நின்றுவிடாமல், எத்தகைய உறவினுள் நிகழும் உழைப்பு என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனாலேயே.

இக்கேள்விக்கான தரவுகள் லமொற்றின் நூலில் நிறையவே சிதறிக் கிடக்கின்றன. பத்தொன்பது வயதிற் கல்லூரியை விட்டு விலகிய அவர், சான் பிரான்சிஸ்கோவிற் பாரிய பொறியியல் நிறுவனமொன்றின் அணுசக்தித் தர உறுதிப் பிரிவில் எழுதுவினைஞராகவும் தட்டெழுத்தாளராகவும் பணியாற்றினார். மும்முறை பிரதி செய்யப்பட்ட படிவங்களின் வெள்ளத்தில் மூழ்கி, அவற்றுட் பலவற்றை வீசி விடலாம் என்று கண்டு, அந்நேரத்திற் சிறுகதை எழுதினார். பின்னர் வீடுகளைத் துப்புரவு செய்தும் ரெனிஸ் கற்பித்தும் சீவித்தார். முதல் நாவல் 1980இல் வெளிவந்தது. பின்னொரு நாவலின் கைப்பிரதியைப் பதிப்பாசிரியர் நிராகரித்தபோது, முற்பணத்தின் பெரும்பகுதி கரைந்திருந்தது. நியூயோர்க் சென்று பதிப்பாசிரியரின் வீட்டில் நின்றபடியே நாவலை வாய்மொழியாக விளக்க, அவ்விளக்கத்தை அத்தியாயம் அத்தியாயமாக எழுதித் தருமாறு அவர் பணித்தார். நாவல் அதன்பின்னரே ஈடேறியது.

இவையனைத்தும் நூலில் நகைச்சுவையுடன் சொல்லப்படுகின்றன. அலுவலகக் கதை சலிப்பின் கதையாகவும், முற்பணக் கதை விடாமுயற்சியின் கதையாகவும் உருப்பெறுகின்றன. தொழில் வழங்குவோர் நேரத்தின்மீது கொண்ட உரிமை, அதனைக் களவாகத் திரும்பப் பெறும் எழுதுவினைஞரின் உபாயம், பதிப்பகம் எழுத்தாளரின் எதிர்கால உழைப்பைக் கடனாகப் பிணைத்து வைக்கும் முறை ஆகிய உற்பத்தி உறவுகள் நிகழ்ச்சிகளாகத் தோன்றுகின்றனவேயன்றி, பாடங்களாக வடிவெடுப்பதில்லை. கதையின் முடிவில் வாசகர் பெறும் பாடம் எப்போதும் மனநிலை பற்றியதே.

பொறாமை பற்றிய அத்தியாயம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. சக எழுத்தாளர் ஒருவரின் வெற்றியைத் தாங்க முடியாது தவித்ததை லமொற் நேர்மையுடன் விவரிக்கின்றார். எதிரியின் நூல் விற்பனையாகாது கழிவு விலைக்குத் தள்ளப்பட்டதைக் கொண்டாடும் கிளைவ் ஜேம்ஸின் அங்கதக் கவிதை அவருக்கு ஆறுதல் அளிக்கின்றது. அக்கவிதையின் நகைச்சுவை முழுவதும் சந்தையில் தங்கியுள்ளது. அவ்வாறிருந்தும் பொறாமைக்கு மருந்தாக நூல் முன்வைப்பன, அதனைப் பற்றிப் பேசுதல், அதனை எழுதுதல், அதனைக் கண்டு நகைத்தல் என்பனவே. எழுத்தாளரை எழுத்தாளரின் போட்டியாளராக்குவது எது என்ற வினா எழுவதில்லை. மனத்தினுள் ஒலிக்கும் ஒரு வானொலி நிலையத்தையும் அவர் உருவகிக்கின்றார். ஒரு செவியிற் சுயபுகழும் மறு செவியிற் சுயவெறுப்பும் இடையறாது ஒலிபரப்பாகின்றன என்கின்றார். அருமையான உருவகம். ஆனால் எந்த வானொலிக்கும் உரிமையாளர் ஒருவர் உண்டு. அளவுக்கு மீறிய புகழையும் முழுமையான பயனின்மையையும் தவிர வேறு நிலைகளை எழுத்தாளருக்கு வழங்காதது சந்தை. மனத்தின் ஒலிபரப்பு அதன் எதிரொலி.

இதனினும் குறிப்பிடத்தக்கது நூலின் சொல்லாட்சி. பூரணத்துவ மோகத்தைக் கண்டிக்கும்போது லமொற், ஒடுக்குவோன், மக்களின் எதிரி என்னும் சொற்களைப் பாதி விளையாட்டாக அதற்குச் சூட்டுகின்றார். இவை மக்கள் போராட்டங்களின் சொற்கள். 1954இல் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்து, அறுபதுகளினதும் எழுபதுகளினதும் இயக்கங்களின் சூழலில் வளர்ந்த ஒருவரின் நாவில் அவை இயல்பாகவே வருவன. ஆயின் 1994ஆம் ஆண்டு நூலில் ஒடுக்குவோன் சமூகத்தினின்றும் அகற்றப்பட்டு, எழுதுபவரின் மண்டையோட்டினுள் குடியேற்றப்பட்டு விடுகின்றான். விடுதலை என்பது தன்னிடமிருந்தே தான் பெறும் விடுதலையாகச் சுருங்குகின்றது. ஒரு தலைமுறையின் அரசியற் சொற்களஞ்சியம் உளவியற் சொற்களஞ்சியமாக மாறிய வரலாறு இச்சிறு நகைச்சுவையில் அடங்கியுள்ளது.

4

சூழ்நிலை அகற்றப்பட்ட அறிவுரை எவ்வாறு இயங்குகின்றது என்பதனை நூலின் முன்னுரையே காட்டி விடுகின்றது. லமொற்றின் தந்தை கெனத் லமொற்றும் எழுத்தாளரே. அவர் சான் குவென்ரின் சிறைச்சாலையிற் கைதிகளுக்கு ஆக்க எழுத்துக் கற்பித்தவர். நாள்தோறும் சிறிதளவேனும் எழுதுதல், கிடைக்கும் உயர்ந்த நூல்களையெல்லாம் வாசித்தல் என்ற அதே பாடத்தையே அவர் கைதிகளுக்கும் மகளுக்கும் புகட்டினார் என நூல் கூறுகின்றது. பாடம் ஒன்றாயினும் மகளின் வீட்டில் நூல்கள் நிறைந்திருந்தன. தந்தையின் நண்பர்கள் எழுத்தாளர்களாயிருந்தனர். அவர் தமது முதற் கதைகளை அனுப்பி வைத்தது தந்தையின் இலக்கிய முகவருக்கே. கைதிகளோ முன்னுரையின் சில வரிகளில் தோன்றி மறைகின்றனர். ஒரே அறிவுரை இரு வேறு சமூக நிலைகளில் இரு வேறு பொருள்களைப் பெறுகின்றது என்ற உண்மை நூலின் வாயிற்படியிலேயே நிற்கின்றது. நூல் அதனைக் கடந்து உள்ளே சென்று விடுகின்றது.

இவ்வுண்மையை மையப் பொருளாகக் கொண்ட நூலொன்று அதே சான் பிரான்சிஸ்கோச் சூழலிலிருந்து முன்னரே வெளிவந்திருந்தது. அதுதான் ரில்லி ஒல்சனின் 'மௌனங்கள்' (1978). ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதத் தொழிலாளர் குடும்பத்தில் நெபிராஸ்காவிற் பிறந்த ஒல்சன், முப்பதுகளிற் பொதுவுடைமை இளைஞர் இயக்கத்திற் பணியாற்றியவர். நான்கு பெண் பிள்ளைகளை வளர்த்தவர். கூலிவேலைகளில் ஆண்டுகள் பலவற்றைக் கழித்தவர். 1932இல் அவர் தொடங்கிய நாவல் முற்றுப்பெறாத நிலையில் 1974இலேயே நூலுருப் பெற்றது. அவரது சிறுகதைத் தொகுதி 1961இல் வெளிவந்தது. எழுத்தாளரின் மௌனங்களுள் விதை மண்ணிற் கிடப்பது போன்ற இயல்பான மௌனம் வேறு; வர்க்கம், பால், நிறம் ஆகியவற்றின் நிலைமைகளால் முளையிலேயே தடுக்கப்படும் மௌனம் வேறு என்று ஒல்சன் பிரித்துக் காட்டினார்.

லமொற்றின் நூலிலும் எழுத முடியாமை பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. எழுத்துத் தடை என்பது உண்மையில் அடைப்பன்று, வெறுமை. அதனை ஏற்றுக்கொண்டு, நாளொன்றுக்குச் சிறிதளவு எழுதியவாறு, மீண்டும் நிரம்புவதற்குக் காத்திருக்க வேண்டும் என்பது அங்கு கூறப்படும் ஆலோசனை. ஒருவகை மௌனத்துக்கு இது நல்ல மருந்தே. ஆனால் இரண்டாவது வகை மௌனத்துக்கு உள்ளானவருக்கு இதே ஆலோசனை தீங்காகவும் முடியலாம். இரவுப் பணிமுடித்து வந்து பிள்ளைக்குப் பாலூட்டும் ஒரு பெண், தான் எழுதாமலிருப்பது தனது உள்வெறுமையால் என்று நம்பத் தலைப்பட்டால், அவளது சூழ்நிலை அவள்மீது சுமத்திய பாரத்துடன் குற்றவுணர்வு என்னும் பாரமும் சேர்ந்து விடுகின்றது. லமொற் தாமே தனித்து நின்று மகனை வளர்த்த தாய். அவ்வனுபவத்தைப் பற்றி 1993இல் ஒரு நூலும் எழுதியவர். பிள்ளை பராமரிப்பின் சுமையை அறியாதவரல்லர். அறிந்திருந்தும் அதனை எழுத்தின் சமூக நிலைமையாக அவர் கோட்பாட்டுப்படுத்தாமை, அவர் கையாளும் நூல்வகையின் வரையறையையே உணர்த்துகின்றது. தனித்தனியாக நூலை வாங்கும் வாசகரிடம், தனித்தனியாக மாற்றக்கூடியவற்றையே இவ்வகை நூல் பேச முடியும்.

5

இவ்விடத்து, எழுத்துக் கைந்நூலின் மற்றொரு சாத்தியத்தை நோக்குதல் பொருந்தும். மாயாகோவ்ஸ்கி 1926இல் எழுதிய 'கவிதைகள் எவ்வாறு ஆக்கப்படுகின்றன' என்னும் கட்டுரையும் ஒரு வழிகாட்டியே. கவிதை வேலைக்குத் தேவையானவை எவை என்று அவர் பட்டியலிடுகின்றார். கவிதையாலன்றித் தீர்க்க முடியாத ஒரு சமூகப் பணி, அப்பணி குறித்துத் தனது வர்க்கம் வேண்டுவது யாது என்ற தெளிவு, சொற்களின் களஞ்சியம், உற்பத்திக் கருவிகள், சொற்களைப் பதப்படுத்தும் பயிற்சி என்பன அவை. கருவிகளின் வரிசையிற் பேனா, தட்டெழுத்துப் பொறி, தொலைபேசி ஆகியவற்றோடு பத்திரிகை அலுவலகங்களுக்குச் சென்றுவரத் துவிச்சக்கர வண்டியும், மழையில் எழுதக் குடையும் இடம்பெறுகின்றன. குறிப்புப் புத்தகத்தின் இன்றியமையாமையையும் அவர் வலியுறுத்துகின்றார்.

குறிப்புப் புத்தகத்திலும் சிறு அட்டைகளிலும் மாயாகோவ்ஸ்கியும் லமொற்றும் ஒன்றுபடுகின்றனர். இருவரும் அகத்தூண்டல் என்னும் மாயையை மறுப்பவர்கள். ஆயின் மாயாகோவ்ஸ்கியின் பட்டியல் சமூகப் பணியில் தொடங்குகின்றது; லமொற்றின் நூல் குழந்தைப் பருவ நினைவுகளில் தொடங்குமாறு பணிக்கின்றது. முன்னவருக்கு எழுத்து வெளியிலிருந்து வரும் ஒரு தேவைக்கான விடை. பின்னவருக்கு அது உள்ளிருந்து வரும் ஓர் உண்மையின் வெளிப்பாடு. எழுத்தாளன் தனது காலத்து உற்பத்தி உறவுகளைப் பற்றி என்ன மனப்பாங்கு கொண்டுள்ளான் என்று கேட்பதோடு, அவ்வுறவுகளினுள் அவனது நிலை யாது என்றும் கேட்க வேண்டும் என்று வால்ரர் பெஞ்சமின் 1934இல் எடுத்துரைத்தது மாயாகோவ்ஸ்கியின் பட்டியலோடு நெருங்கிய உறவுடையது. லமொற்றின் நூலில் அறநோக்குப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. எழுத்தாளரின் நிலை பற்றி எந்த அத்தியாயமும் இல்லை.

ஆனால் ஒப்பீட்டினை இத்துடன் நிறுத்திக் கொள்வது நேர்மையாகாது. மாயாகோவ்ஸ்கியின் கட்டுரை ஒரு குறிப்பிட்ட கவிதை ஆக்கப்பட்ட முறையை விவரிப்பது. 1925 டிசம்பரில் எசெனின் தற்கொலை செய்துகொண்டார். அவரது இறுதிக் கவிதை இளைஞரிடையே ஏற்படுத்தக்கூடிய விளைவை முறியடித்து, வாழ்வதன் கடினமான மேன்மையை நிலைநாட்டுவதே அக்கவிதையின் சமூகப் பணியாக இருந்தது. அப்பணியைத் தெளிவாக வகுத்து, கருவிகளைத் திரட்டி, அதனை நிறைவேற்றிய மாயாகோவ்ஸ்கி 1930 ஏப்ரலில் தாமும் தற்கொலை செய்துகொண்டார். இதனைக் கொண்டு அவரது கோட்பாடு பொய்த்தது என்று கூறுவோர் உளர். அவ்வாறு கூறுவது கோட்பாட்டினை ஒரு மனிதனின் துயரத்தால் அளப்பதாகும். ஆயினும், சமூகப் பணியினைச் சரியாக வகுத்துக்கொண்ட எழுத்தாளன் எவ்வாறு வாழ்வது, தோல்வியின்போதும் தனிமையின்போதும் யாரிடம் செல்வது என்ற வினாவுக்கு அக்கட்டுரையில் இடமில்லை. பின்வந்த மார்க்சிய விமர்சனமும் பெரும்பாலும் அதற்கு இடமளிக்கவில்லை. எதைப் பற்றி, யாருக்காக, எந்தச் சார்புடன் எழுத வேண்டும் என்று எழுத்தாளனிடம் திரும்பத் திரும்பக் கூறிய நாம், வெள்ளைத் தாளின் முன் அவன் அமர்ந்திருக்கும் வேளையை அவனது தனிப்பட்ட விடயமாக விட்டுவிட்டோம். விடப்பட்ட அவ்விடத்தைச் சுயமுன்னேற்ற நூல்கள் நிரப்பின. லமொற்றின் செல்வாக்குக்கான காரணங்களுள் இதுவும் ஒன்றாகும்.

6

லமொற்றின் நூல் தனது வரையறையைத் தானே தாண்ட முயலும் இடமும் உண்டு. யாருக்காக எழுதுவது என்ற வினாவை அது முற்றாகத் தவிர்த்து விடவில்லை. இறுதிப் பகுதியில் எழுத்தினை ஓர் அன்பளிப்பாகக் காணும் அத்தியாயம் இடம்பெறுகின்றது. தந்தை மூளைப் புற்றுநோயால் இறந்துகொண்டிருந்தபோது, அவர் வாசிப்பதற்காகவே எழுதத் தொடங்கிய பக்கங்கள் முதல் நாவலாயின. மார்பகப் புற்றுநோயுற்ற உயிர்த்தோழியொருத்தி வாசிக்க வேண்டும் என்ற வேட்கையுடன் மகனைப் பற்றிய நூல் எழுதப்பட்டது. அதே பகுதியில், நூல் வெளியீடு எழுத்தாளரை முழுமையாக்காது, வெளியீட்டுக்கு முன் இருந்த வெறுமை வெளியீட்டின் பின்பும் இருக்கும் என்றும் அவர் எச்சரிக்கின்றார்.

இவ்விரு கருத்துகளையும் இணைத்து நோக்கின், பண்டமாக மாறிய எழுத்து தன்னை ஆக்கியவருக்கே அந்நியமாகின்றது என்ற உணர்வும், பண்டமல்லாத எழுத்து ஒன்றுக்கான ஏக்கமும் வெளிப்படுகின்றன. குறிப்பிட்ட ஒரு மனிதருக்கு, அவரது குறிப்பிட்ட தேவைக்காக, காலம் தாழ்த்தாது எழுதுதல் என்பது மாயாகோவ்ஸ்கியின் சமூகப் பணியிலிருந்து முற்றிலும் வேறானதன்று. அதன் ஒரு சிறு வடிவமே அது. அது நோயாளியின் படுக்கையருகே நின்றுவிடுவதுதான் குறை. தந்தையும் தோழியும் பெறும் அன்பளிப்பினைச் சான் குவென்ரின் கைதிகளும் எழுதுவினைஞர் கூடத்துச் சக ஊழியரும் பெறக்கூடிய ஒன்றாக விரிப்பதற்கு அவரிடம் கருத்துநிலைக் கருவிகள் இல்லை. எழுத்தாளர் குழுக்களைப் பற்றி அவர் கூறுவனவும் பரஸ்பர ஆறுதலோடு அமைந்து விடுகின்றன. லீட்ஸ் இளைஞரின் சங்கம் இதனிலும் அதிகமாக ஒன்றினை நாடியிருந்தது.

எனவே இந்நூலை எவ்வாறு வாசிப்பது என்ற வினாவுக்கு நாம் கூறக்கூடியது இதுவே. அதன் தொழில்நுட்பங்களை ஏற்றுக்கொள்வதில் தயக்கத்துக்கு இடமில்லை. முதல் வரைவு மோசமாக இருக்கும் என்பதும், ஒரு நாளில் ஓர் அங்குலம் போதும் என்பதும் எந்த வர்க்கத்து எழுத்தாளருக்கும் பயன்படுவன. எழுத்துப் பரம்பரையில் வராதவருக்கே அவை மிகுதியும் பயன்படுவன. ஆனால் ஓரங்குலச் சட்டகம் ஒரு நாளின் வேலைக்குரிய அளவுகோலேயன்றி உலகினைக் காண்பதற்குரிய சாளரமன்று. எழுத முடியாது போகும்போது, தடை தன்னுள் உள்ளதா, தனது நாளின் அமைப்பிலும் தனது வேலையிலும் தனது வீட்டிலும் உள்ளதா என்று வாசகர் முதலிற் கேட்டுக்கொள்ளல் வேண்டும். முதல் வகைத் தடைக்கு லமொற்றிடம் விடையுண்டு. இரண்டாம் வகைத் தடை ஒருவர் தனித்திருந்து தீர்க்கக்கூடியதன்று.

விமர்சகருக்குரிய கடமையும் இதிலிருந்து பெறப்படும். எழுத்தாளனது சார்பினை ஆராயும் அதே அக்கறையுடன் அவனது வேலைநேரத்தையும் கருவிகளையும் வாசகரையும் சக தொழிலாளரையும் ஆராயும் வழிகாட்டிகள் எழுதப்படல் வேண்டும். மாயாகோவ்ஸ்கியின் பட்டியலும் ஒல்சனின் மௌனங்களும் லமொற்றின் வரைவுகளும் ஒருங்கே இடம்பெறும் அத்தகையதொரு கைந்நூல் ஒரு தனி ஆசிரியரால் எழுதப்படக் கூடியதாகவும் இராது. எழுத விரும்புவோர் கூடி, தமது மோசமான முதல் வரைவுகளை ஒருவருக்கொருவர் காட்டி, அவை எழுதப்பட்ட நிலைமைகளையும் உடன்வைத்து விவாதிக்கும் இடங்களிலேயே அது உருவாக முடியும்.